கேர்னற் பூட்டுகளும் நம்பத்தகாச் செய்நிரல்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பலர் ஒருங்கே பயன்படுத்தும் எப்பொருளுக்கும் இருவகைக் காவல் வேண்டப்படுகின்றது. உரிமையில்லாதவர் உள்ளே நுழையாதவாறு காத்தல் ஒன்று. உரிமையுள்ளவர் இருவர் ஒரே வேளையிற் கைவைத்துப் பொருளைக் குலைத்துவிடாதவாறு காத்தல் மற்றையது. கணனியின் பணிசெயல் முறைமையைப் பொறுத்தவரை முன்னையது பாதுகாப்பு என்றும் பின்னையது ஒத்திசைவு என்றும் வெவ்வேறு பெயர்களாற் சுட்டப்பட்டு, பெரும்பாலும் வெவ்வேறு பாடப்பகுதிகளாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. பூட்டு என்னும் கருவி ஒத்திசைவுக்கு உரியது. ஆயின், கடந்த அறுபது ஆண்டுகால வரலாற்றை உற்றுநோக்குமிடத்து, இவ்விரண்டையும் பிரித்து வைத்தமையே பல இடர்களுக்கு ஏதுவாயிற்று என்பது புலனாகும். பூட்டினைத் தொடவே இயலாத ஓர் அந்நியச் செய்நிரல், அப்பூட்டு எவ்வளவு நேரம் பூட்டப்பட்டிருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் வல்லமையைப் பெற்றுவிடக்கூடும். இவ்வுண்மை படிப்படியாக உணரப்பட்ட வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளுட் புகுமுன் இரு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். நினைவகம், முறைவழியாக்கி, வட்டு முதலிய வளங்களைச் செய்நிரல்களுக்குப் பங்கிட்டளிக்கும் பணிசெயல் முறைமையின் நடுப்பகுதியே கேர்னல் எனப்படுவது. பயனர் அனைவர்க்கும் பொதுவான அட்டவணைகள் அதன்கண் உள்ளன. அவ்வட்டவணைகளுள் ஒன்றை ஒரு செய்நிரலின் பொருட்டுத் திருத்துகையில் இன்னொன்று குறுக்கிடாதவாறு, ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் அனுமதித்து ஏனையவற்றைக் காத்திருக்கச் செய்யும் ஏற்பாடே பூட்டு எனப்படும்.

நேரப்பகிர்வும் முதற் படிப்பினையும்

ஒரு கணனியை ஒரு வேளையில் ஒருவரே பயன்படுத்திய காலத்திற் பூட்டுக்குத் தேவையிருக்கவில்லை. 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பெர்னாண்டோ கோர்பாற்றோவும் அவருடைய குழுவினரும் நேரப்பகிர்வு முறைமையொன்றைச் செய்துகாட்டினர். பின்னர் அது ஐ.பீ.எம். 7094 பொறியில் இயங்கியபோது, தலா 32,768 சொற்களைக் கொண்ட இரு நினைவகப் பகுதிகள் அதற்கு இருந்தன. ஒன்று மேற்பார்வைச் செய்நிரலுக்கு ஒதுக்கப்பட்டது, மற்றையது பயனருடையது. பயனரின் செய்நிரல் தன் எல்லையைக் கடக்க முயலின் வன்பொருளே அதனைத் தடுத்து நிறுத்திற்று. கேர்னலுக்கும் பயனருக்கும் இடையே எழுப்பப்பட்ட முதற் சுவர்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

சுவர் இருந்தும் அம்முறைமையிற் குறிப்பிடத்தக்க விபத்தொன்று நிகழ்ந்தது. ஒருநாள், முறைமைக்குட் பிரவேசித்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாகப் பயனர் அனைவரதும் கடவுச்சொற்கள் அச்சிட்டுக் காட்டப்பட்டன. 1990ஆம் ஆண்டுக்கான தூரிங் விருதினைப் பெற்றபோது ஆற்றிய உரையிற் கோர்பாற்றோ இதன் காரணத்தை விளக்கியுள்ளார். திருத்தியாகப் பயன்பட்ட செய்நிரல், தற்காலிகக் கோப்பு ஒன்றினை எப்போதும் ஒரே பெயரில் உருவாக்கிற்று. ஒரு கோப்பகத்தில் ஒரு வேளையில் ஒருவரே பணியாற்றுவார் என்னும் எடுகோளின் மீது அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது. பின்னர் அவ்வெடுகோள் கைவிடப்பட்டது, செய்நிரலோ மாற்றப்படவில்லை. ஒருவர் அறிவித்தலையும் மற்றொருவர் கடவுச்சொற் கோப்பினையும் ஒரே வேளையில் திருத்த நேர்ந்தபோது இரண்டும் இடம்மாறின.

ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், எவரும் சுவரை உடைக்கவில்லை என்பதாகும். ஒத்திசைவிற் காணப்பட்ட குறைபாடே பாதுகாப்பின் வீழ்ச்சியாக முடிந்தது.

ஒத்துழைப்பு என்னும் எடுகோள்

ஒத்திசைவைக் கணித அடிப்படையில் ஆராய்ந்தவருள் முதன்மையானவர் ஒல்லாந்தரான எட்ஸ்கர் டைக்ஸ்ரா. பல செய்முறைகளுள் ஒன்று மாத்திரமே குறித்த பகுதிக்குள் நுழையுமாறு செய்வதற்கான தீர்வினை 1965ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். இரு செய்முறைகளுக்கான தீர்வினைக் கண்டவர் டெக்கர் என்பதையும் அவர் பதிவுசெய்துள்ளார். புகையிரதப் பாதையின் கைகாட்டியிலிருந்து பெயர்பெற்ற செமபோர் என்னும் கருவி அவர் வகுத்ததேயாகும். ஐந்தோவன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் அவரது குழுவினர் அமைத்து 1968இல் விவரித்த பணிசெயல் முறைமை முழுவதும் அக்கைகாட்டிகளின்மீதே கட்டப்பட்டிருந்தது.

டைக்ஸ்ராவின் ஆய்வு முழுவதையும் ஊடுருவி நிற்கும் கருத்து ஒத்துழைப்பு என்பதாகும். பூட்டைப் பெற்றவர் தம் கருமத்தை முடித்து, அளவான காலத்துள் அதனை விடுவிப்பார் என்று கொள்ளப்பட்டது. கேர்னலின் உட்பகுதிகள் ஒன்றையொன்று நம்பி இயங்கும் வரையில் இது பொருத்தமானதே. நம்பத்தகாதவர் கையிற் பூட்டைக் கொடுக்கலாமா என்ற வினா அங்கு எழவில்லை. வன்பொருள் அமைப்பாளரும் இவ்வகையிலேயே சிந்தித்தனர். 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பீ.எம். 360 தொடர்ப் பொறிகளில், ஒரு நினைவக அலகினைப் பரிசோதித்து அதே கணத்தில் மாற்றும் கட்டளை எல்லாச் செய்நிரல்களுக்கும் வழங்கப்பட்டது. இடையூட்டுகளை நிறுத்திவைக்கும் வல்லமையோ கேர்னலுக்கே உரியதாக்கப்பட்டது. பயனர் தமக்குள் பூட்டிக்கொள்ளலாம். பொறி முழுவதையும் பூட்டிவைக்கும் உரிமை அவருக்கு இல்லை என்பதே இதன் கருத்தாகும்.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து பிரச்சினையை அணுகியவர்கள் மல்ரிக்ஸ் முறைமையின் ஆய்வாளர்கள். 1965 முதல் உருவாகிய இம்முறைமை, நம்பிக்கையின் அளவுக்கேற்ப ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களாற் செய்நிரல்களைப் பிரித்துவைத்தது. இவ்வனுபவத்தின் அடியாக ஜெரோம் சோல்ற்சரும் மைக்கல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரை, பாதுகாப்பான முறைமையொன்றுக்குரிய எட்டுக் கோட்பாடுகளை வகுத்துரைத்தது. அவற்றுள் ஒன்று எமது பொருளோடு நேரடித் தொடர்புடையது. பயனர் பலருக்குப் பொதுவானதும் அவர் அனைவரும் தங்கியிருப்பதுமான பொறிமுறைகளை இயன்றவரை குறைத்தல் வேண்டும் என்பதே அக்கோட்பாடு. எல்லோரும் தங்கியிருக்கும் பொதுப்பொருளைக் கெடுப்பவர் எல்லோரையும் கெடுத்தவராவர். கேர்னலின் பூட்டைவிடப் பொதுவான பொருள் பிறிதொன்றில்லை. எனினும், அன்று இக்கோட்பாடு தகவற் கசிவையும் தவறான அணுகலையும் தடுக்கும் நோக்கிலேயே பெரிதும் பயன்படுத்தப்பட்டது. பூட்டுக்கு அதனைப் பிரயோகித்துப் பார்ப்பதற்கு நெடுங்காலம் செல்லவேண்டியிருந்தது.

யூனிக்ஸ் மரபும் கோப்புப் பூட்டுகளும்

பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் முறைமை எளிமையையே குறிக்கோளாகக் கொண்டது. ஒரே முறைவழியாக்கியைக் கொண்ட பொறியில் இயங்கிய அதன் கேர்னல், தன்னுள் நுழைந்த ஒரு செய்முறை தானாகத் துயிலச் செல்லும்வரை வேறொன்றுக்கு இடங்கொடுக்கவில்லை. ஆதலால் நுணுக்கமான பூட்டுகள் அதற்குத் தேவைப்படவில்லை. கோப்புகளைப் பயனர் பூட்டும் வசதியும் அளிக்கப்படவில்லை. தம் சூழலில் அத்தகைய பூட்டுகள் இன்றியமையாதனவும் அல்ல, போதியனவும் அல்ல என்று 1974இல் வெளியான தமது கட்டுரையில் இருவரும் வாதிட்டனர். கோப்பின் படியொன்றை எடுத்துத் திருத்தும் திருத்தியை இருவர் ஒருங்கே பயன்படுத்தின், சாதாரணப் பூட்டு அக்குழப்பத்தைத் தடுக்காது என்பது அவர்கள் காட்டிய நியாயங்களுள் ஒன்று. மசாசூசெற்ஸ் விபத்தை அறிந்தோர்க்கு இந்நியாயத்தின் வலு எளிதிற் புலனாகும்.

தரவுத்தளங்களின் பெருக்கம் இந்நிலையை மாற்றிற்று. பேர்க்கிலியில் உருவாகி 1983இல் வெளிவந்த 4.2 பீ.எஸ்.டீ. பதிப்பு, ஆலோசனைப் பூட்டு எனத்தக்க ஒன்றை அளித்தது. பூட்டு உள்ளதா என வினவும் செய்நிரலே அதற்குக் கட்டுப்படும், வினவாதது கட்டுப்படாது. இதற்கு மாறாக, சிஸ்ரம் ஐந்து என்னும் யூனிக்ஸ் கிளையிற் கட்டாயப் பூட்டு இடம்பெற்றது. இங்குக் கேர்னலே காவலனாக நின்று, பூட்டப்பட்ட கோப்பினை வாசிக்கவோ எழுதவோ முயலும் ஏனையோரைத் தடுத்துவிடும்.

மேலோட்டமாக நோக்குவோர்க்குக் கட்டாயப் பூட்டே பாதுகாப்பானது எனத் தோன்றும். நடைமுறை வேறாக இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவரின் செய்நிரல் முக்கிய கோப்பொன்றைப் பூட்டிவிட்டு விடுவிக்காதிருப்பின், முறைமையின் முழு அதிகாரம் படைத்த நிருவாகியும் காத்திருக்க நேரிடும். கேர்னலின் வலிமையெல்லாம் அந்நியச் செய்நிரலுக்கு ஏவல் செய்யும் நிலை இது. லினக்ஸ் கேர்னலிலும் இடம்பெற்றிருந்த கட்டாயப் பூட்டு, 2021இல் வெளியான 5.15ஆம் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்துவோர் அருகியமையும் அதன் செயற்பாடு நம்பகமற்றதாய் இருந்தமையும் காரணங்களாயின. நம்பத்தகாதவர் கையிற் பொதுப்பூட்டைக் கொடுத்தலாகாது என்னும் விதி இவ்வாறு அனுபவத்தால் உறுதிப்பட்டது.

காலம் என்னும் புதிய பரிமாணம்

பல முறைவழியாக்கிகளைக் கொண்ட பொறிகள் பரவியபோது கேர்னலின் உட்பூட்டுகள் பெருகின. 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0, கேர்னல் முழுவதற்கும் ஒரே பெரும்பூட்டை வைத்து இப்பிரச்சினையைச் சமாளித்தது. அது சிறுகச் சிறுகப் பிரிக்கப்பட்டு, 2011இல் வெளியான 2.6.39ஆம் பதிப்பிலேயே முற்றாக ஒழிந்தது. பெரும்பூட்டு சிறுபூட்டுகளாகியமையால் வேகம் கூடிற்று. அதேவேளை எந்தப் பூட்டின் கீழ் எவ்வளவு வேலை நடைபெறுகின்றது என்பதை ஒருங்கே காண்பதும் அரிதாயிற்று.

பூட்டைப் பயனரிடம் கொடாது, பூட்டுதலின் பயனை மாத்திரம் அவருக்கு அளிக்கும் முயற்சியொன்று 2002இல் மேற்கொள்ளப்பட்டது. ஹூபேர்ட்டஸ் ஃபிராங்கே, ரஸ்ரி ரசல், மத்தியூ கேர்க்வூட் ஆகியோர் லினக்ஸிற்கு அளித்த ஃபியூற்றெக்ஸ் என்பது அதுவாகும். இதன்படி பூட்டின் நிலையைக் குறிக்கும் எண் பயனரின் சொந்த நினைவகத்தில் உள்ளது. போட்டி இல்லாதபோது பயனர் கேர்னலை அழைக்காமலே பூட்டித் திறக்கலாம். போட்டி ஏற்பட்டால் மாத்திரம் கேர்னல் அவரைக் காத்திருப்போர் வரிசையிற் சேர்க்கும். சேர்க்குமுன், வரிசைக்குரிய தன் உட்பூட்டைப் பிடித்துக்கொண்டு அவ்வெண்ணை மீளவும் வாசித்துப் பார்க்கும். அவர் கூறியதற்கு மாறாயிருப்பின் திருப்பி அனுப்பிவிடும். பயனர் அவ்வெண்ணை எவ்வாறு சிதைத்தாலும் கேடு அவரையும் அவரோடு அந்நினைவகத்தைப் பகிர்வோரையும் மாத்திரமே சாரும். நம்பிக்கையின் எல்லையை இவ்வளவு தெளிவாக வரைந்த ஏற்பாடுகள் சிலவே.

ஆயின் இவ்வெல்லை பின்னர் மங்கலாயிற்று. அதற்கான தேவை உண்மையானது. முன்னுரிமை குறைந்த செய்முறை ஒன்று பூட்டை வைத்திருக்க, முன்னுரிமை கூடியது அதற்காகக் காத்திருக்க, இடைநிலையிலுள்ளவை நேரத்தையெல்லாம் கவர்ந்துகொள்ளும் நிலையைப் பட்லர் லாம்ப்சனும் டேவிட் றெடெலும் 1980இலேயே சுட்டிக்காட்டியிருந்தனர். 1997இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணனி மீண்டும் மீண்டும் தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொண்டமைக்கு இதுவே காரணமாயிற்று. காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டை வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக வழங்குதல் இதற்கான பரிகாரம். 2006இல் ஃபியூற்றெக்ஸிலும் இப்பரிகாரம் சேர்க்கப்பட்டது. பூட்டை வைத்திருப்பவர் யார் என்பதைக் கேர்னல் அறியவேண்டியதாயிற்று. அதனைக் குறிக்கும் எண்ணோ பயனர் விரும்பியவாறு எழுதக்கூடிய நினைவகத்தில் இருந்தது.

விளைவு 2014இல் வெளிப்பட்டது. பயனரின் நினைவகத்திலுள்ள எண்ணும் கேர்னலின் சொந்தக் குறிப்பும் முரண்படுமாறு செய்து, கேர்னலின் உள்வரிசையைக் குலைத்து, முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்பது அவ்வாண்டில் அறியப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஜோர்ஜ் ஹொட்ஸ் வெளியிட்ட ரவல்றூட் என்னும் செய்நிரல், இவ்வழியாலேயே பல அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் கட்டுப்பாட்டை அவற்றை வைத்திருந்தோர்க்குப் பெற்றுக்கொடுத்தது. பயனரின் சொல்லை ஒருமுறை சரிபார்த்தல் போதாது. தன் குறிப்பையே உண்மையின் இருப்பிடமாகக் கேர்னல் கொள்ளவேண்டும் என்பது இதனாற் பெற்ற படிப்பினை.

இதே காலப்பகுதியில் மற்றோர் இடரும் தோன்றிற்று. மெய்நிகர்ப் பொறிகளை இயங்குநிலையிலேயே இடம்மாற்ற உதவும்பொருட்டு, நினைவகப் பக்கம் ஒன்று இல்லாதபோது அதனை நிரப்பும் பொறுப்பைப் பயனரின் செய்நிரலிடமே ஒப்படைக்கும் வசதி 2015இல் லினக்ஸிற் சேர்க்கப்பட்டது. கேர்னல் பயனரின் நினைவகத்திலிருந்து தரவைப் படியெடுக்கும் தருணத்தில் அப்பக்கம் இல்லாதிருப்பின், பயனர் மனம்வைக்கும்வரை கேர்னல் தன் பணியின் நடுவே காத்து நிற்கும். நொடியில் ஒரு சிறு பங்கே திறந்திருக்க வேண்டிய வாயிலை விரும்பிய நேரம் திறந்துவைக்கும் உபாயம் இதனாற் கேடு செய்வோர்க்குக் கிட்டிற்று. சிறப்புரிமையற்ற செய்நிரல்கள் கேர்னலை இவ்வாறு நிறுத்திவைப்பதற்கு இருந்த அனுமதி, 2021இல் வெளியான 5.11ஆம் பதிப்பில் இயல்புநிலையில் விலக்கப்பட்டது.

பூட்டைத் தொடாத பகைவன்

இதுவரை கூறியவற்றிலெல்லாம் ஏதோவொரு வழு இருந்தது. வழு எதுவும் இன்றியே பூட்டினால் தீங்கு விளைவிக்கலாம் என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டின. இதற்கு முன்னோடியாக, 2003இல் றைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்கொற் குறொஸ்பியும் டான் வொலக்கும் ஓர் உண்மையை எடுத்துரைத்தனர். தரவுகளைப் பல பெட்டிகளிற் பரப்பி வைக்கும் அட்டவணை பொதுவாக விரைவாக இயங்கும். எனினும், ஒருவர் திட்டமிட்டு எல்லாத் தரவும் ஒரே பெட்டியில் விழுமாறு அனுப்பின், ஒவ்வொரு தேடலும் நெடுஞ்சங்கிலியைக் கடப்பதாகிவிடும்.

விஸ்கொன்சின்–மடிசன் பல்கலைக்கழகத்தின் யுவராஜ் பட்டேலும் அவரது குழுவினரும் இதனைப் பூட்டோடு பொருத்திப் பார்த்தனர். நேரத்தை நியாயமாகப் பங்கிடும் ஒழுங்கினைப் பூட்டுகள் குலைத்துவிடுகின்றன என்பதை 2020இல் அவர்கள் காட்டினர். பூட்டினுள் நீண்டநேரம் செலவிடும் செய்முறை, ஏனையவற்றைக் காத்திருக்கச் செய்து தானே பெரும்பங்கை அடைகின்றது. 2022இல் வெளியான அவர்களது ஆய்வு, இதே இயல்பை வேண்டுமென்றே பயன்படுத்தும் தாக்குதலை விவரித்தது. ஒரே கேர்னலைப் பகிரும் கொள்கலன் ஒன்றினுள் இருக்கும் சாதாரணப் பயனர், தமக்கு அனுமதிக்கப்பட்ட அழைப்புகளை மாத்திரம் பயன்படுத்தி, கேர்னலின் பொது அட்டவணையொன்றின் ஒரு பெட்டியைப் பெருக்கச் செய்கிறார். கோப்புகளின் உட்குறிப்புகளை வைக்கும் அட்டவணையும், மேற்கூறிய ஃபியூற்றெக்ஸ் வரிசைகளின் அட்டவணையும் இவ்வாறு இலக்காகின. அப்பெட்டியைத் தேடும்போதெல்லாம் பூட்டு நீண்டநேரம் மூடியிருக்கின்றது. அயலவரின் செய்நிரல்கள் முடங்குகின்றன.

இதன் இரண்டாவது வகை மேலும் வஞ்சகமானது. அட்டவணையைப் பெருக்கியபின் பகைவர் வாளாவிருந்துவிடலாம். பின்னர் அச்சங்கிலியைத் தேடி நடப்பதும், பூட்டை நீண்டநேரம் பிடித்திருப்பதும் பாதிக்கப்பட்டவரின் செய்நிரலேயாகும். பூட்டை வைத்திருப்பவரே குற்றவாளி எனக் கணக்கிடும் எந்த முறையும் இங்குக் குற்றமற்றவரையே சுட்டும். ஆதலால் இக்குழுவினர், காப்பவன் எனப் பொருள்படும் வடமொழிப் பெயராகிய த்ராத்ரு என்பதைச் சூட்டி அமைத்த தற்காப்பு முறை, பூட்டை மாத்திரம் கண்காணிப்பதோடு அமையவில்லை. அட்டவணையைப் பெருக்கியவர் யார் எனக் கணக்கு வைத்து, அவர் மேலும் சேர்ப்பதைத் தடுத்து, அட்டவணையை முன்னைய நிலைக்கு மீட்பதே அதன் வழியாகும்.

வேறு வழிகளும் கையாளப்பட்டுள்ளன. பயனர் எழுதிய சிறு செய்நிரலைக் கேர்னலுள் இயக்கும் ஈ.பீ.பீ.எஃப். என்னும் ஏற்பாட்டில், 2019 முதல் அச்செய்நிரல் பூட்டையும் பயன்படுத்தலாம். ஆயினும், பிடித்த பூட்டை எல்லா வழிகளிலும் விடுவிக்கின்றதா என்பதை இயக்குமுன்னரே சரிபார்ப்பி ஆராய்ந்து, ஐயம் இருப்பின் அனுமதி மறுக்கும். 2025இல் லினக்ஸ் கேர்னல், ஃபியூற்றெக்ஸ் வரிசைகளுக்குச் செய்முறைதோறும் தனித்தனி அட்டவணையை அளிக்கத் தொடங்கிற்று. தொடர்பற்ற செய்முறைகள் ஒரே பெட்டியிற் சந்தித்து ஒன்றையொன்று தாமதிக்கச் செய்வதை ஒழிப்பதே இதன் நோக்கமாயிருந்தது. நோக்கம் எதுவாயினும், சோல்ற்சரும் ஷ்ரோடரும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கூறிய பொதுமைக் குறைப்பின் ஓர் எடுத்துக்காட்டாக இது அமைந்துள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கட்டங்கள் தெளிவாகின்றன. முதற் கட்டத்திற் பூட்டு கேர்னலின் உள்ளே இருந்தமையால் அது பாதுகாப்பானது எனக் கருதப்பட்டது. இரண்டாவது கட்டத்திற் பூட்டின் நிலை குறித்துப் பயனர் கூறுவதை நம்பலாகாது என உணரப்பட்டது. மூன்றாவது கட்டத்தில், பூட்டின் கீழ் நடைபெறும் வேலையின் அளவைப் பயனர் தீர்மானிக்கவும் விடலாகாது என்பது உணரப்பட்டுவருகின்றது. பூட்டின் வலிமையை, அதனை யார் திறக்கலாம் என்பதைக் கொண்டு மாத்திரம் அளத்தல் இயலாது. அது மூடியிருக்கும் காலத்துக்கு எல்லை உண்டா, அவ்வெல்லையை வகுப்பவர் யார் என்பவற்றையும் கொண்டே அளத்தல் வேண்டும்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கணனியைப் பகிர்ந்தோர் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர். இன்றோ ஒருவரையொருவர் அறியாத நிறுவனங்களின் செய்நிரல்கள் ஒரே கேர்னலின் கீழ் அருகருகே இயங்குகின்றன. அயலவர் எவரென்று அறியாத நிலையில், ஒத்துழைப்பு என்னும் பழைய எடுகோளின்மீது தங்கியிருத்தல் பொருந்தாது. பணிசெயல் முறைமைகளைக் கற்கும் எம் மாணவர், ஒத்திசைவு ஓர் அத்தியாயம், பாதுகாப்பு வேறோர் அத்தியாயம் என்று பிரித்துப் படிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு பூட்டின் முன்னும் நின்று, "இதனை நீண்டநேரம் மூடிவைக்க யாரால் இயலும்?" என்று வினவப் பழகுதல் வேண்டும். இதுகாறும் நாம் கண்ட குறைபாடுகளிற் பல, அவ்வினா உரிய காலத்தில் எழுப்பப்படாமையின் விளைவுகளே எனக் கூறி அமையலாம்.